கதவுள்ள அறைக்கு ஒரு வாரப் போட்டி

அந்த வீட்டில் படுக்கையறையை விட்டால் கதவு வைத்த அறை ஒன்றே ஒன்றுதான். அதை மூன்று வருடமாக ஆண்டு வந்தவர் வீட்டுக்காரர். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் நெட்வொர்க் எஞ்சினியர். தினமும் மதியம் இரண்டு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு 'மீட்டிங்' என்பார். மீட்டிங் சாய்வு நாற்காலியில் நடக்கும். வெளியே குறட்டை கேட்டால், மைக் கோளாறு என்பார்.

மனைவி பேச்சுப் பயிற்சியாளர். திக்கிப் பேசும் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வழியாகப் பயிற்சி கொடுப்பவள். அவளுக்குக் கிடைத்த இடம் சமையலறைக்கும் வாஷிங் மெஷினுக்கும் நடுவே ஒரு சந்து. ஒரு சனிக்கிழமை, ஒரு சிறுமி பத்து நிமிடம் போராடி ஒரு முழு வாக்கியத்தைச் சொல்லி முடித்த நேரம் பார்த்து மெஷின் கடகடவென்று ஆடியது. யாரோ தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நினைத்து அந்தப் பிள்ளை அழுதுவிட்டது. அன்று மாலையே, அந்த அறை தனக்கு வேண்டும் என்று மனைவி வந்து நின்றாள்.

அவர் நீதிபதி மாதிரி தாடையைத் தடவினார். "யாருக்கு வேலை அதிகமோ அவங்களுக்கு ரூம். நம்ம ரெண்டு பேர் வேலையும் நெட்டுலதான் ஓடுது. யாருக்கு டேட்டா அதிகம் போகுதுன்னு ஒரு வாரம் அளந்து பார்ப்போம். நீயும் சொல்ல வேண்டாம், நானும் சொல்ல வேண்டாம். எடுபிடி சொல்லட்டும்."

எடுபிடி என்பது அவர் ஆபீஸ் வேலைக்காகச் செய்த ஏஐ ஏஜென்ட். வெறும் ஏஜென்டை ரவுட்டர் முன்னால் நிறுத்தினால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி முழிக்கும். ஆகவே, ரவுட்டரிடம் விவரம் கேட்டு வர அதற்கு ஒரு டூல் எழுதிக் கொடுத்திருந்தார். கேபிள் செருகும் எந்தப் போர்ட்டில் எவ்வளவு டேட்டா வந்தது, போனது, எந்த இணைப்பு எப்போது அறுந்தது என்று அது பார்த்துச் சொல்லும். பார்க்க மட்டும்தான் முடியும், எதையும் மாற்ற முடியாது. இதையெல்லாம் மனைவிக்கு அரை மணி நேரம் பாடம் நடத்தினார். ரவுட்டரில் முதல் போர்ட் தன் கேபிள், இரண்டாவது அவளுடையது, ஏமாற்ற வழியே இல்லை என்றார்.

அவள் ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள். "அதுக்கு ஆளைத் தெரியுமாங்க?"

"ஆளெல்லாம் எதுக்கு? போர்ட்டைத் தெரியும். அது போதும்."

திங்கட்கிழமை குளித்துவிட்டு வந்ததும் அவர் காரியத்தில் இறங்கினார். பூதாகரமான ஒரு ஃபைலை இறக்க வேண்டியது, அழிக்க வேண்டியது, மறுபடி இறக்க வேண்டியது. அதைக் கம்ப்யூட்டரே ஓயாமல் செய்யும்படி ஏற்பாடு பண்ணிவிட்டுச் சாய்ந்துகொண்டார். மனசாட்சி கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. இரண்டு மணி மீட்டிங்கில் அதுவும் சரியாகிவிட்டது. வாரம் முழுக்க மனைவி வாயே திறக்கவில்லை. பாவம், தோற்றதும் அந்தச் சந்துக்கு நல்லதாக ஒரு திரைச்சீலை வாங்கிக் கொடுக்க வேண்டும் என்றுகூட அவர் நினைத்துக்கொண்டார்.

ஞாயிறு காலை இருவரும் திரை முன் உட்கார்ந்தார்கள். எடுபிடி அறிக்கை கொடுத்தது.

முதல் போர்ட், 21 ஜிபி. இரண்டாவது போர்ட், 1,904 ஜிபி. திங்கள் காலை 9.12-க்கு இரண்டு போர்ட்டிலும் நாற்பது நொடி இணைப்பு அறுந்து திரும்பியது. வேறு கோளாறு எதுவும் இல்லை.

கடைசிக்கு முந்தைய வரியை அவர் மூன்று தடவை படித்தார். திங்கள் 9.12-க்கு அவர் குளியலறையில் இருந்தார். எழுந்து போய், ரவுட்டர் இருந்த அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அவருடைய நீலக் கேபிள் இரண்டாவது போர்ட்டில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

"கேபிள் மாறியிருக்கு," என்றார்.

"அப்படியா? தூசி தட்டுறப்போ கழட்டி மாட்டினேன்," என்றாள் மனைவி. "அப்போ அந்த ஆயிரத்துத் தொள்ளாயிரமும் உங்களுதா? அம்மாடி. அப்படி என்னங்க வேலை பார்த்தீங்க? கொஞ்சம் திறந்து காட்டுங்களேன்."

ஒரே ஃபைலை நூற்றுக்கணக்கான தடவை வீட்டுக்குக் கூட்டிவந்து கொன்ற கதையை எந்த வாயால் சொல்வது? வாயைத் திறந்தார். "அ... அது..." என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

மனைவி தன் பிள்ளைகளிடம் காட்டும் அதே பொறுமையோடு காத்திருந்தாள். "அவசரமே இல்லை. நல்லா மூச்சு விட்டுட்டு, மெதுவா சொல்லுங்க."

அவர் மூச்சு விட்டார். "கேபிள் சரியாத்தான் இருக்கு," என்றார்.

மதியத்துக்குள் அவருடைய மேசை சந்துக்கு வந்துவிட்டது. சாய்வு நாற்காலி அங்கே நுழையவில்லை. அவர் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். அறைக் கதவைச் சாத்தப் போன மனைவி, தலையை மட்டும் வெளியே நீட்டினாள்.

"என்னங்க, அந்த டவுன்லோடை இனிமே நிறுத்திடுங்க. திங்கட்கிழமையிலேருந்து என் பிள்ளைங்க முகமெல்லாம் அப்படியே உறைஞ்சு உறைஞ்சு நிக்குது."