மகிஷனின் குரலுக்கு ஓர் இரங்கல் கூட்டம்

மனித குலம் அடைந்த நாகரிகத்தின் உச்சம் எது என்று கேட்டால் சிலர் சக்கரம் என்பார்கள், சிலர் மின்சாரம் என்பார்கள். இரு சாராரும் விவரம் தெரியாதவர்கள். ஒருவன் தொண்டை கிழியக் கத்த வேண்டும், அவன் என்ன கத்துகிறான் என்று ஒருவருக்கும் புரியக் கூடாது, ஆனாலும் கேட்பவன் கண்ணில் நீர் வர வேண்டும். அந்த உச்சத்துக்கு 'மெட்டல்கோர்' என்று பெயர். அதைக் கொல்கத்தாவில் காத்து நின்ற ஒரே அமைப்பு, 'மகிஷன்' இசைக்குழுவின் தெற்குக் கொல்கத்தா ரசிகர் சபை. அதன் செயலாளர் அனந்தகிருஷ்ணன்.

அனந்தகிருஷ்ணன் டாலிகஞ்சில் மெட்ரோ ஏறும்போது காதில் மகிஷனை மாட்டிக்கொள்வான். பாடகன் நிர்மல் உறுமுவான். இறங்கும்போது அனந்தனுக்குள் ஒரு புலி உட்கார்ந்திருக்கும். ஆபீஸில் மேலதிகாரி அவன் மேசைமேல் ஃபைலை வீசி, "இதை எழுதினது மனுஷனா?" என்று கேட்பார். புலி மிகுந்த பணிவுடன், "இல்லை சார்" என்று சொல்லும். மாலையில் மறுபடி மகிஷன். இப்படியாக ஆறு வருடம் அவன் யார் மீதும் கோபப்படாமல் வாழ்ந்தான். அந்த வேலையை நிர்மல் பார்த்துக்கொண்டான்.

இந்த நிலையில்தான் மகிஷனின் புதிய ஆல்பம் வந்து தலையில் இடி இறங்கியது. நிர்மல் கத்தவில்லை. பாடியிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, லேக் மார்க்கெட்டில் ஒரு டிபன் கடையின் மாடியில் சபையின் அவசரக் கூட்டம் கூடியது. அனந்தகிருஷ்ணன் குற்றப்பத்திரிகையை வாசித்தான்.

"ஒண்ணு, வார்த்தை புரியறது. ரெண்டு, ஒரு பாட்டுல புல்லாங்குழல் இருக்கு. மூணு, அம்மா முன்னாடியே போட்டுக் கேக்கலாம்."

மூன்றாவதைக் கேட்டதும் சபை முனகியது.

தலைவர் மாதவ் எழுந்தார். மூன்று தலைமுறையாகப் பவானிபூர்வாசி. தமிழில் பேசத் தொடங்கி வங்காளத்தில் முடிப்பவர். பேட்டை கிளப்பின் பூஜைக் கமிட்டியில் இருபது வருடம் இருந்தவர் என்பதால், எந்தத் துக்கத்துக்கும் அவரிடம் ஒரு நடைமுறை இருந்தது. "ஷோக் சபா வைக்கணும், இரங்கல் கூட்டம். வாசல்ல போட்டோ, ரஜனிகந்தா மாலை, ஊதுபத்தி. அப்புறம் ஒரு நிமிஷம் மௌனம். இல்லேன்னா அது துக்கமே இல்லே. புரிஞ்சுதா, புஜ்லே?"

ஈரோட்டிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்த மணிவேல் தயங்கினான். "ஏனுங்க, உசிரோட இருக்கறவருக்கு மாலை போட்டா தப்பில்லீங்களா?"

"செத்தது குரல். குரலுக்குப் போட்டோ உண்டா? இல்லே. அதனால அதோட ஓனர் போட்டோ."

இவ்வளவு தெளிவான தர்க்கத்துக்கு மறுப்பேது? கீழே மார்க்கெட்டிலேயே மாலை வாங்கினார்கள். டிபன் கடை வாசலில், தெருவைப் பார்த்து, நாற்காலி மேல் நிர்மலின் படம் அமர்ந்தது. புகை சுருள் சுருளாக எழுந்தது. 'எங்கள் ஆழ்ந்த இரங்கல்' என்று மூன்று மொழிகளில் அட்டை வைத்தார்கள். மாடிக்குப் போய் எல்லோரும் எழுந்து நின்றார்கள். காது செவிடாகும் இசைக்காகவே பிறந்த பதினேழு பேர், ஊசி விழுந்தால் கேட்கும் மௌனத்தில் ஆழ்ந்தார்கள்.

மௌனத்தின் நாற்பதாவது விநாடியில் மாடிப்படி அதிர்ந்தது.

வந்தவள் யசோதா. நிர்மலின் அம்மா. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கறிவேப்பிலையும் வாழைக்காயும் வாங்க வருகிறவள். பை கையில் இல்லை, கீழே எங்கோ விழுந்திருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"என் குழந்தைக்கு என்னடா ஆச்சு? எட்டு மணிக்குக் காப்பி குடிச்சுட்டுக் கிளம்பினானே!"

"ஒண்ணும் ஆகலை மாமி!" என்று அனந்தன் பதறினான். "நன்னா இருக்கான். குரலுக்குத்தான் மாலை. புது ஆல்பம்..."

யசோதாவுக்கு விஷயம் விளங்க மூன்று விநாடி ஆயிற்று. பிறகு வாயைத் திறந்தாள். அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது, கீழே சாம்பார் கரண்டி நின்றது. "கட்டையில போறவன்களா" என்ற தொடக்கம் மட்டும் புரிந்தது. மீதி ஒரே இடி.

மணிவேல் தன்னை மறந்து செல்போனில் பதிவு செய்தான். "முதல் ஆல்பம் சவுண்டுங்க! அப்படியே இருக்குதுங்க!"

"கலப்படமே இல்லே" என்றார் மாதவ், கண்ணைத் துடைத்தபடி.

யசோதா மூச்சு வாங்கினாள். குரல் இறங்கியது.

"முதல் ஆல்பம்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? அவன் அப்பா ஆஸ்பத்திரியில கிடந்தார். இவனுக்கு வேலை போயிடுத்து. ஒரு வாய் சாதம் இறங்கலை. ராப்பகலா அந்த ரூம்ல கத்துவான், நான் வெளியில உக்காந்து அழுவேன். இப்பத்தான் தூங்கறான், சிரிக்கறான். அதான் பாடறான். அது பொறுக்கலையா?"

சபை தலை குனிந்தது. மாதவ் மட்டும், தலைவர் என்ற பொறுப்பில், மிக மரியாதையாகக் கேட்டார்: "மாஷிமா, அந்த மாதிரி நிலைமை மறுபடி வர சான்ஸ் ஏதாவது...?"

யசோதா அனந்தகிருஷ்ணனைப் பார்த்தாள். இருவரும் ஒரே கட்டடத்தில் குடியிருப்பவர்கள். அவன் ஆபீஸ் கதை முழுவதும் அவளுக்குத் தெரியும்.

"ஏண்டா அனந்து, உன் மூஞ்சியில ஃபைல் விட்டெறியறான் ஒருத்தன். ஆறு வருஷமா வாங்கிண்டு வரே. உனக்குக் கோபம் வந்தா நீ கத்தேன். உனக்கு வாய் இல்லையா? அதுக்கு என் பிள்ளை தொண்டைதான் கிடைச்சுதா?"

அனந்தனுக்குக் காது சுட்டது. அவமானத்தில் செத்துவிடலாம் போலிருந்தது. அப்போதுதான் புலி எழுந்தது. ஆறு வருடப் புலி. வயிற்றில் உருண்டு, நெஞ்சில் ஏறி, தொண்டைக்கு வந்து நின்றது. பதினாறு பேரும் அதைப் பார்த்தார்கள். மணிவேல் செல்போனை அவன் பக்கம் திருப்பினான்.

யசோதா விடுவிடென்று கீழே போனாள். படத்திலிருந்த மாலையைக் கழற்றிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"குரல் செத்தவாளுக்குத்தானே இது?" என்று அவனிடம் நீட்டினாள். "பிடி."

அனந்தகிருஷ்ணன் வாயைத் திறந்தான். இரண்டு கைகளாலும் மாலையை வாங்கிக்கொண்டான்.

"சரி மாமி" என்றான்.

ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகப் புரிந்தது. எந்த அம்மா முன்னாலும் போட்டுக் கேட்கலாம்.