டிஸ்டில் வாட்டரின் பிக்கப் வண்டி

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே பெட்ரோலை எதிர்த்துத் தன்னந்தனியாக நின்ற ஒரே மனிதர் டிஸ்டில் வாட்டர்தான். அவரைத் தோற்கடித்தது பெட்ரோல் அல்ல, நான். ஒரு சுவிட்சை அணைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான். அதில் அவருக்கு வேலை போயிற்று. எனக்கு வயதாகிவிட்டது, இதற்கு மேலும் மறைத்து வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறேன்?

1991. பிள்ளைப்பாக்கத்தை ஒட்டி ஒரு இரும்பு வார்ப்புத் தொழிற்சாலை. நான் பொறியியல் படித்தவன், அங்கே வாகனங்களுக்குப் பொறுப்பு. வாகனங்கள் என்று பன்மையில் சொல்வது மரியாதைக்காக. உண்மையில் ஒரே ஒரு பெட்ரோல் பிக்கப் வண்டி, அதற்கு ஜோசப் என்று ஒரு டிரைவர். தினமும் வார்ப்புகளை ஏற்றிக்கொண்டு மணிமங்கலத்திலிருந்த எங்கள் கடைசல் பட்டறைக்குப் போய்வரும். சாயங்காலம் கடைசி நடையில் என்னைப் படப்பையில் என் வீட்டு வாசலில் இறக்கிவிடும். இது எந்தக் கோப்பிலும் எழுதப்படாத ஏற்பாடு.

டிஸ்டில் வாட்டர் அங்கே சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளின் பேட்டரியைப் பராமரிக்கும் காண்டிராக்ட் தொழிலாளி. பெயர் இன்னதென்று சம்பளம் போடுகிறவருக்கு மட்டும் தெரியும். காக்கி டிரவுசர் பாக்கெட்டில் எப்போதும் ஒரு பாட்டில் டிஸ்டில் வாட்டர், பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர், இருக்கும். ஒருமுறை வெயிலில் வாட்ச்மேன் மயங்கி விழுந்தார். எல்லோரும் அந்தப் பாட்டிலைப் பிடுங்கப் போனார்கள். இவர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடி, ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வாட்ச்மேன் தலையில் கவிழ்த்தார்.

"ஏன்யா, கையில இருக்கறதைக் குடுத்தா என்ன?" என்று கேட்டேன்.

"மன்சன் எந்தத் தண்ணியும் தாங்குவான் ஸார். பேட்டரி செல்லு தாங்காது."

ஆசிட் தெறித்துத் தெறித்து அவர் சட்டைகள் இடியாப்ப அச்சு போலிருக்கும். அவர் மனைவி கஸ்தூரி தைத்துத் தருகிறேன் என்றால் விடமாட்டார். "காத்து வருது, அத்த ஏம்மே அடைக்கிற?"

பெட்ரோல் வண்டியைக் கண்டால் துண்டால் மூக்கைப் பொத்திக்கொள்வார். காலையில் ஜோசப் அதைக் கிளப்ப நாலு பேர் தள்ளுவார்கள். இவர் ஓரமாக நின்று எண்ணுவார். "ஒண்ணு... ரெண்டு... ஜோசப்பு, இது இன்ஜின் இல்ல நைனா, இருமல் நோவு. ஆஸ்பத்திரிக்கி இட்டுகினு போ."

"உன் பேட்டரி மட்டும் இன்னா, ஓடறப்பவே தூங்கும்!" என்பான் ஜோசப்.

"தூங்கும். ஆனா இருமாது."

அந்த வருஷம் வளைகுடாச் சண்டையால் பெட்ரோல் விலை ஏறிக் கிடந்தது. மேனேஜர் தினமும் என்னைக் கூப்பிட்டுப் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சு எப்படியோ டிஸ்டில் வாட்டர் காதுக்கு எட்டியது. தொழிற்சாலைக்குப் பின்னால் இன்ஜின் செத்துப்போன பழைய பிக்கப் ஒன்று முள்செடிக்குள் கிடந்தது. கழித்துப்போட்ட ஃபோர்க்லிஃப்ட் ஒன்றின் மோட்டாரையும் பேட்டரியையும் அதில் ஏற்றி ஓட்டிக்காட்டுகிறேன் என்றார். மேனேஜர் சரி என்றார். நான் சிரித்தேன். இரண்டு மாதத்தில் வண்டி நகர்ந்தது. அப்போது நான் சிரிக்கவில்லை.

வண்டியில் ஒரே குறை, அதற்குச் சத்தம் கிடையாது. எங்கள் வாட்ச்மேன் கண்ணை மூடிக்கொண்டு காதால் காவல் காப்பவர். இன்ஜின் உறுமினால்தான் கேட்டைத் திறப்பார். டிஸ்டில் வாட்டர் கேட்டில் கால் மணி நேரம் பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, கடைசியில் தலையை வெளியே நீட்டி, "டுர்ர்ர்... டுர்ர்ர்..." என்று வாயால் உறுமினார். வாட்ச்மேன் எழுந்து சல்யூட் அடித்துத் திறந்தார். அன்று முதல் கேட்டுக்கு வந்தால் வாயால் ஒரு உறுமல் என்பது வழக்கமாகிவிட்டது.

மேனேஜர் ஒரு சோதனை ஓட்டம் வைத்தார். முழு லோடோடு மணிமங்கலம் போய்த் திரும்பிவிட்டால் பெட்ரோல் வண்டியை விற்றுவிடுவது. டிஸ்டில் வாட்டருக்கு பர்மனென்ட் வேலை. அவர் அதுவரை ஒவ்வொரு மாதக் கடைசியிலும் கேட் பாஸ் புதுப்பிப்பார்களா மாட்டார்களா என்று கேட்டில் நிற்கிறவர். நான் நினைத்தது வேறு. பெட்ரோல் வண்டி போனால் சாயங்காலம் நான் பஸ்ஸில் தொங்க வேண்டும். பேட்டரி வண்டி ஓடினாலும் அது சார்ஜ் ஏற இரவெல்லாம் தொழிற்சாலையில்தான் நிற்கும், என்னைப் படப்பையில் கொண்டுபோய் விடாது. இதற்காகவா என்று கேட்பீர்கள். இதற்காகத்தான்.

நாள் விஜயதசமி. புதுக் காரியம் தொடங்க நல்ல நாள் என்று மேனேஜர் குறித்தார். முதல் நாள் ஆயுத பூஜை. எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. அவரவர் கருவிகளைச் சாமி படத்தின் முன்னால் வைத்தார்கள். டிஸ்டில் வாட்டர் தன் ஹைட்ரோமீட்டரை வைத்தார். பேட்டரி ஆசிட்டை உறிஞ்சி, சார்ஜ் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாய் அது. தொழிற்சாலையிலேயே ஒன்றுதான் இருந்தது. அவர் உலகத்தில் நம்பிய பொருளும் அது ஒன்றுதான்.

சாயங்காலம் பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு எல்லோரும் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். அவர் என்னிடம் வந்தார்.

"ஸார், பூசை நாள்ல மெஷினெல்லாம் நிறுத்திடுவாங்கோ. சார்ஜர் மட்டும் ஓடிக்கினு இருக்கட்டும். விடிய விடிய ஏறணும். சாவி உங்க கைல கீது, பாத்துக்கங்க."

"நீ போய் நிம்மதியாத் தூங்கு. நான் பாத்துக்கறேன்."

பஸ் போனதும் சார்ஜரை அணைத்தேன். மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்து போட்டேன். அவர் வரும்போது சார்ஜர் ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது. சற்று முன்புதான் சார்ஜ் ஏறத் தொடங்கிய பேட்டரியானாலும் வோல்ட் முள் பொய்யாக மேலேதான் நிற்கும். இது எனக்குத் தெரியும், படித்தவன் அல்லவா. அவருக்கும் தெரியும். அதனால்தான் ஹைட்ரோமீட்டரைத் தேடிச் சாமி படத்திடம் போனார்.

மறுபூஜை ஆகவில்லை. குருக்கள் வரத் தாமதம். மேனேஜரோ நல்ல நேரம் போகிறது என்று கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். டிஸ்டில் வாட்டர் கையை நீட்டினார், இழுத்துக்கொண்டார், மறுபடி நீட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சாமிகிட்ட வெச்சத மறுபூசை ஆவாத எடுக்கலாமா ஸார்?"

"கூடாதுப்பா," என்றேன். "முள்தான் சரியா நிக்குதே, கிளம்பு."

சுவிட்சை அணைத்ததைவிட இதுதான் பெரிய பாவம் என்று நினைக்கிறேன். அன்றுவரை நான் சாமி விஷயத்தில் யாருக்கும் யோசனை சொன்னதில்லை.

வண்டி கம்பீரமாகக் கிளம்பியது. பின்னால் மேனேஜரின் கார், அதற்குப் பின்னால் ஜோசப்பின் பெட்ரோல் வண்டியில் நான். மணிமங்கலம் ஏரிக்கரை மேட்டில் டிஸ்டில் வாட்டரின் வண்டி நடையாகி, ஊர்தலாகி, நின்றது. அவர் இறங்கி ஒவ்வொரு செல்லாகத் தொட்டுப் பார்த்தார். ஜோசப் கயிறு கட்டி இழுத்தான். வழியெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டே இழுத்தான். கேட்டில் வந்து நின்றபோது டிஸ்டில் வாட்டர் உறுமவில்லை. இருமும் வண்டியின் சத்தத்துக்கே கேட் திறந்துவிட்டது.

மாதக் கடைசியில் அவருடைய கேட் பாஸைப் புதுப்பிக்கவில்லை. நான் வழக்கம்போல் படப்பையில் இறங்கிக்கொண்டிருந்தேன். மூன்று மாதம் இறங்கினேன். ஒரு நாள் ஜோசப், "பாவம் ஸார், ஏழாம் நம்பர் செல்லுதான் கவுத்துடுச்சுன்னு சொல்லிக்கினு திரியறாரு. வூட்டுல தனியா குந்திக்கினு, அது எதிர்ல கீற மாதிரி அத்தோட பேசறாராம்," என்றான். எனக்கு அதற்குமேல் வண்டியில் உட்கார முடியவில்லை. நடுவழியில் இறங்கி, மணிமங்கலத்தில் அவர் வீட்டைத் தேடிப் போனேன்.

கஸ்தூரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சுவிட்சு, முள், சாமி படம் எல்லாம். டிஸ்டில் வாட்டர் சட்டென்று எழுந்தார். அடிக்கப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அப்போ ஏழாம் நம்பர் செல்லு நல்லாத்தான் கீதா?"

"நல்லாத்தான் இருக்கு."

"ஏம்மே! கேட்டியா? என் கணக்கு தப்பில்லியாம்மே!" வீட்டுக்குள் இரண்டு சுற்றுச் சுற்றினார். "மூணு மாசமா அத்த இன்னா இன்னா திட்டினேன்!"

கஸ்தூரி கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கணக்கு சரின்னா கேட்டு தொறந்துடுமா?" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க வூட்டாண்ட சொகுசா எறங்கறதுக்கா ஸார்?" என்றாள். ஆமாம் என்று சொன்னேன்.

மறுநாள் மேனேஜரிடமும் சொன்னேன். அவர் எனக்கு மெமோ கொடுத்தார், வாகனப் பொறுப்பைப் பிடுங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஓட்டிப்பார்க்க அனுமதியும் கொடுத்தார். இம்முறை முதல் நாள் மாலையிலிருந்து டிஸ்டில் வாட்டர் சார்ஜரை விட்டு நகரவில்லை. முழு லோடு ஏற்றி அவர் ஓட்டினார். பக்கத்தில் நான். ஏரிக்கரை மேட்டில் வண்டி ஒரு முனகலும் இல்லாமல் ஏறியது. திரும்பும்போது, "நீங்க ஓட்டுங்க ஸார்," என்று இறங்கி இடம் மாறினார். சத்தமே இல்லாததால் வண்டி நின்றுவிட்டது என்று நினைத்தேன்.

"ஓடுதாப்பா?"

"ஓடிக்கினுதான் கீது. போங்க."

போய்த் திரும்பி இன்னும் கொஞ்சம் சார்ஜ் மிச்சமிருந்தது. நான்கு பக்கத்துக்கு அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் முழுவதையும் படித்தார், படித்துவிட்டு ஜன்னல் வழியாகக் காட்டினார். புத்தம் புது டீசல் வண்டி ஒன்று வந்து நின்றிருந்தது. பெட்ரோலும் பேட்டரியும் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் டீசல் உள்ளே வந்துவிட்டது. பேட்டரி வேலைக்கும் வேறு ஆள் சேர்த்தாயிற்று. அந்த வேலை அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. என்னால் அதைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

அவர் படப்பைச் சாலையில் பேட்டரிக் கடை போட்டார். இன்றும் இருக்கிறது. இப்போது அந்த வழியே பேட்டரி சரக்கு வண்டிகள் ஓசையில்லாமல் போகின்றன. அவர் ஒவ்வொன்றையும் திருப்பம் வரை பார்ப்பார். நான் தரையைப் பார்ப்பேன். என்னிடம் இப்போது வண்டியும் இல்லை, பேட்டரியும் இல்லை. ஆனாலும் வாரத்துக்கு ஒருமுறை போகிறேன். "இன்னா ஸார், இன்னா ரிப்பேரு?" என்பார். ஒன்றுமில்லை, சும்மா வந்தேன் என்பேன். ஸ்டூலைத் துடைத்துப் போடுவார். கஸ்தூரி உள்ளேயிருந்து ஒரே ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து அவர் முன்னால் மட்டும் வைத்துவிட்டுப் போவாள். அவள் தலை மறைந்ததும், அவர் அதில் பாதியை இன்னொரு டம்ளரில் ஊற்றி, என் பக்கம் நகர்த்துவார்.