நாற்பத்துமூன்றாம் கதவு

உள்ளே இருப்பவர் யாரென்று தெரியாமல் யாரையும் வெளியே விடக் கூடாது என்ற கொள்கையுடைய நாடு ஒன்று இருந்தது. வெண்குடை நாடு என்று பெயர். அங்கிருந்து போக விரும்புகிறவர், தான் அங்கேதான் இருப்பதாக முதலில் முகவரிச் சான்று வாங்கி நிரூபிக்க வேண்டும்.

வாய்க்கால் கரைத் தகரக் கொட்டகையில் பிறந்து, அந்தக் கரையிலேயே முதல் ஆளாகப் பட்டம் வாங்கியவள் சுடர்க்கொடி. கடல் கடந்த பல்கலைக்கழகம் ஒன்றில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. பௌர்ணமிக்குள் கப்பலேற வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்கு.

"வீட்டு முகவரிக்கு அரச முத்திரையோட வந்த தாள் ஒண்ணு கொண்டாம்மா" என்றார் முகவரி அதிகாரி.

"எங்க கரைக்கு எதுவும் வராதுங்க. முகவரிச் சான்று இல்லாத இடத்துக்குத் தபால் குடுக்க மாட்டாங்களாம்."

"அப்போ சான்று வாங்கிடு."

"அதுக்குத்தாங்க வந்திருக்கேன்."

அதிகாரி மேலிடத்துக்கு எழுதினார். மன்னர் மனமிரங்கி ஆணையிட்டார்: தாள் இல்லாதோர் வீட்டுக் கதவைக் கொண்டுவந்து காட்டலாம்.

கரையில் கதவுகளுக்கு எண் உண்டு. தேர்தலுக்குத் தேர்தல் அமைச்சரின் ஆட்கள் ஓட்டுக் கணக்குக்காகச் சிவப்புச் சாயத்தில் எழுதிவிட்டுப் போவார்கள். சுடர்க்கொடியும் அவள் அம்மா ராக்கம்மாளும் 43 என்று எழுதிய தகரக் கதவைக் கழற்றிச் சுமந்துபோனார்கள். ரேஷனுக்கும் அதே சான்றுதான் என்பதால் பின்னாலேயே கரை முழுக்கக் கிளம்பியது. நானூறு கதவுகள். சரிபார்ப்புக்கென்று அத்தனையையும் அதிகாரி வாங்கி வைத்துக்கொண்டார்.

மறுவாரம் ஆய்வாளர் வந்து பார்த்து எழுதினார்: 'கதவில்லாத கட்டடம் வீடாகாது.'

அன்று மதியம் நாய் உள்ளே புகுந்து சோற்றுப் பானையை உருட்டியது.

"வீடே இல்லேன்னு எழுதிட்டுப் போறான். நாய்க்கு மட்டும் எப்படிடி தெரிஞ்சுது?" என்றாள் ராக்கம்மாள்.

பௌர்ணமிக்கு மூன்று நாள் இருக்கையில் தேர்தல் அறிவித்தார்கள். அமைச்சர் கும்பிட்டபடி கரைக்கு வந்தார்.

"நாப்பத்துமூணு, ராக்கம்மா அக்காதானே? ரெண்டு ஓட்டு."

"அதையே எழுதிக் குடுங்க." சுடர்க்கொடி மனுவை நீட்டினாள்.

"தேர்தல் நேரம் பாப்பா. கையெழுத்துப் போட்டா விதிமீறல்."

பசை வாளியோடு வந்தவன் விழித்தான். "தலைவரே, படத்தை எதுல ஒட்டுறது? ஒரு கதவையும் காணோம்."

"உங்க முகவரி ஆபீஸ்லதான் இருக்கு" என்றாள் சுடர்க்கொடி. "நாங்க அங்கதான் குடியிருக்கோம் போல. ஓட்டும் அங்கயே போய்க் கேளுங்க."

மறுநாளே அரசு வண்டிகளில் கதவுகள் வந்து இறங்கின. ஒவ்வொன்றிலும் 'கதவு தந்த வள்ளல்' என்று அமைச்சர் சிரித்தார். கூடவே ஒரு ரசீது: 'கதவு எண் 43, வாய்க்கால் கரை. உரியவர் வீட்டில் ஒப்படைக்கப்பட்டது.' கீழே அரச முத்திரை.

சுடர்க்கொடி அதை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அதிகாரி ரசீதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "முத்திரை சரி. முகவரி சரி. வீட்டுக்கே வந்திருக்கு." பிறகு அவளுடைய கோப்பைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்து நிமிர்ந்தார்.

"ஆனா உன் மனு இப்போ கதவு வகையில இருக்கேம்மா. கதவு எங்க?"