கண்ணாடிக்கு உள்ளே விழுந்த துண்டு

ஒரு காட்டில் நாச்சிமுத்து என்று ஒரு கரடியார் இருந்தார். நல்லவர். தேன்கூட்டில் கை வைக்கும் முன் தேனீக்களிடம் "கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வைப்பார். அப்படிப்பட்டவர்களுக்கு என்ன நேரும் என்று ஊருக்கே தெரியும். தெரிந்தும், பிள்ளைகளுக்கு அவரைத்தான் உதாரணம் காட்டுவார்கள்.

அவருடைய ஒரே மகள் பூங்கொடி, கடல் தாண்டி ஒரு பனிக்காட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தாய் இல்லாத பெண். தலைப்பிரசவம். "அப்பா, குட்டி பொறக்கறப்ப நீங்க பக்கத்துல இருந்தாப் போதும்" என்று போனில் அழுதாள். கரடியாருக்கு மனசு தாங்கவில்லை. அன்றே அடுப்பு மூட்டி, கண் எரிய எரிய அவரே பிரசவ லேகியம் கிண்டி, டப்பாவில் அடைத்து மஞ்சப்பையில் போட்டு, தோளில் ஒரு துண்டோடு கிளம்பிவிட்டார்.

பனிக்காட்டில் இறங்கிய பிறகு ஒரு பெரிய ரயில் நிலையத்தில் வண்டி மாற வேண்டும். அங்கேதான் வந்தது வினை.

நம் காட்டில் பஸ் வந்து நின்றால் என்ன செய்வோம்? ஜன்னல் வழியாகத் துண்டைப் போடுவோம். துண்டு விழுந்த சீட்டில் சிங்கம் வந்தாலும் உட்காராது. பனிக்காட்டு ரயிலிலோ ஜன்னல் எல்லாம் அடைத்த கண்ணாடி. கதவு மட்டும்தான் திறந்திருந்தது. துண்டு அவ்வளவு தூரம் பறக்காது என்று தோன்றியதால், இறங்குகிறவர்களின் தலைக்கு மேலாக மஞ்சப்பையையே உள்ளே வீசினார் கரடியார். பை ஒரு காலி சீட்டில் போய் அழகாக உட்கார்ந்தது. இனி என்ன அவசரம் என்று, மற்றவர்கள் இறங்குவதற்காக ஒதுங்கி நின்றார். கதவு தானாக மூடிக்கொண்டது. வண்டி போய்விட்டது. அவர் பிடித்த சீட்டும் அதோடு போய்விட்டது. லேகியம், போன், டிக்கெட் எல்லாம் பைக்குள்.

விசாரணைக் கவுண்டருக்கு ஓடினார். கண்ணாடிக்கு உள்ளே, சுழல்நாற்காலியில் ஒரு வெள்ளை வாத்தம்மாள் உட்கார்ந்து நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் ஒரு அட்டை: 'எங்கள் ஊழியர்களை மரியாதையுடன் நடத்தவும்.'

"வணக்கமுங்க அம்மணி" என்றார் கரடியார்.

வாத்தம்மாள் நிமிரவில்லை. "வரிசை."

கரடியார் திரும்பிப் பார்த்தார். பின்னால் ஈ காக்கை இல்லை. "நான் ஒருத்தன்தானுங்களே நிக்கறேன்."

"அப்ப நீதான் வரிசை. பின்னாடி போ."

வளைத்து வளைத்துக் கட்டியிருந்த கயிற்றுக்குள் புகுந்து, தன் முதுகுக்குத் தானே பின்னால் நின்று, மறுபடியும் கண்ணாடிக்கு வந்து சேர்ந்தார்.

"என்ற பையி வண்டியோட போயிருச்சுங்க. மக பிள்ளத்தாச்சிங்க. வண்டிக்காரருக்கு ஒரு வார்த்த சொன்னீங்கன்னா..."

"டிக்கெட்?"

"அந்தப் பையிலதானுங்க இருக்குது."

"டிக்கெட் இல்லாதவங்க பயணி இல்ல. பயணி இல்லாதவங்ககூட நான் பேசுறதில்ல."

"இப்பப் பேசிட்டுத்தானுங்களே இருக்கறீங்க."

"குரலை உயர்த்தாத" என்றாள் வாத்தம்மாள், குரலை உயர்த்தி. "அட்டையைப் படிச்சியா? அங்க சிரிக்கிற மூஞ்சி போட்ட பொத்தான் இருக்கு பாரு, அதை அமுக்கிட்டு நகரு. என் சேவை உனக்குத் திருப்தி."

கரடியார் அமுக்கினார். அமுக்காவிட்டால் அவள் மனசு நோகுமே என்று நினைத்தார், அப்பாவி.

அப்போது வாத்தம்மாளின் மூக்குக்கண்ணாடி வழுக்கி, கவுண்டர் துவாரம் வழியாக வெளியே விழுந்தது. பழைய கதையாக இருந்தால் இதுதான் கட்டம். நல்லவர் அதை எடுத்துக் கொடுப்பார், கெட்டவள் மனம் இளகுவாள், நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு தூங்கப் போகலாம். கரடியாரும் எடுத்தார். தன் துண்டாலேயே துடைத்து நீட்டினார். வாத்தம்மாள் அதை இரண்டு விரலால் வாங்கி, "இதையெல்லாம் தொடக் கூடாது" என்று சொல்லி மறுபடியும் துடைத்து மாட்டிக்கொண்டு, தேநீர் குடிக்கக் கிளம்பிவிட்டாள். பக்கத்துக் கதவைப் பூட்டக்கூட இல்லை. யார் வரப்போகிறார்கள் என்ற தைரியம்.

ஒலிபெருக்கி பேசியது: "கேட்பாரற்றுக் கிடக்கும் பொருட்களைத் தொடாதீர்கள். உடனே காவலரிடம் தெரிவியுங்கள்."

கரடியாருக்கு அழுகை முட்டியது. அங்கே பெற்ற பெண் வலியில் துடித்துக்கொண்டிருப்பாள். இங்கே அப்பன் பொத்தான் அமுக்கிக்கொண்டு நிற்கிறான். கண்ணைத் துடைக்கத் துண்டை எடுத்தார். எடுத்தவர் கண்ணில் அந்தக் காலி நாற்காலி பட்டது. காலி சீட்டைக் கண்டால் நம் ஆட்களுக்குக் கை சும்மா இருக்குமா? அவர் யோசிப்பதற்குள் துண்டு துவாரம் வழியாகப் பறந்து நாற்காலியில் விழுந்துவிட்டது.

தேநீரோடு திரும்பிய வாத்தம்மாள் வாசற்படியிலேயே நின்றாள். நாற்காலியில் கேட்பாரற்ற ஒரு பொருள். தொடக் கூடாது. சட்டம் சட்டம்தான். கோப்பையை வைத்துவிட்டுக் காவலரைக் கூப்பிட ஓடினாள். கரடியார் உள்ளே போனார். துண்டு போட்ட இடத்தில் போய் உட்கார்ந்தார். நம் காட்டுச் சட்டப்படி அதில் ஒரு தப்பும் இல்லை.

காவலர் ஒரு ஓநாய். வந்து பார்த்தார். கண்ணாடிக்கு உள்ளே ஒருவர் அமைதியாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். வெளியே ஒரு வாத்து கத்திக்கொண்டிருந்தது.

"இந்தாம்மா, அட்டையைப் படிக்கல? ஊழியர்கிட்ட மரியாதையாப் பேசு" என்றார் ஓநாய். "வரிசையில நில்லு."

கரடியார் ஒலிவாங்கியைப் பிடித்தார். முதலில் பழக்கதோஷத்தில், "ஏனுங்க, சிரமத்துக்கு மன்னிக்கோணும்..." என்று ஆரம்பித்தார். நிலையம் முழுவதும் ஒருவரும் திரும்பவில்லை. தொண்டையைக் கனைத்தார். "அந்த வண்டியில ஒரு மஞ்சப்பை இருக்கு. அது இப்ப இங்க வரணும்" என்றார். ஒரு கலைமான் மூச்சிரைக்க ஓடிவந்து பையை நீட்டி, தாமதத்துக்கு மன்னிப்பும் கேட்டது.

மகள் ஊருக்கு அடுத்த வண்டி வந்து நின்றது. கரடியார் பையோடு பாதி எழுந்தார். வரிசையிலிருந்து வாத்தம்மாள் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. எழுந்தால் உட்கார்ந்துவிடுவாள். இவ்வளவு பாடுபட்டுப் பிடித்த இடம். கண்ணாடிக்கு வெளியே வந்து நிற்பவரை மட்டும் அனுப்பிவிட்டு அடுத்த வண்டிக்குப் போகலாம் என்று உட்கார்ந்தார். நாற்காலி வேறு நன்றாகச் சுழன்றது.

அதற்கப்புறம் எத்தனையோ வண்டிகள் வந்தன, போயின. பைக்குள் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. கரடியார் நகத்துக்குச் சாயம் பூசப் பழகியிருந்தார்.

ஒருநாள் கண்ணாடிக்கு வெளியே ஒரு குரல் கேட்டது. "ஏனுங்க, எங்கப்பாவக் காணோமுங்க. ஊர்ல இருந்து கிளம்பினவரு வந்து சேரவே இல்லைங்க. தோள்ல துண்டு போட்டிருப்பாரு."

"வரிசை" என்றார் கரடியார், நிமிராமல்.

"நான் ஒருத்திதானுங்களே நிக்கறேன்."

"அப்ப நீதான் வரிசை. பின்னாடி போ."

இடுப்பில் குட்டியோடு அவள் கயிற்றுக்குள் நுழைந்து, வளைந்து வளைந்து நடந்தாள். குட்டி சிணுங்கியது. "அழுவாத சாமி, அப்புச்சி கிடைச்சிருவாரு" என்று அவள் சமாதானம் சொன்னது கரடியார் காதில் விழுந்தது. அப்போதுதான் நிமிர்ந்தார். பூங்கொடி கண்ணாடிக்கு வந்து சேர்ந்திருந்தாள்.

"அப்பா?"

கரடியார் குட்டியைப் பார்த்தார். குட்டிக்கு அப்படியே அவர் மூக்கு. கண்ணீர் பொலபொலவென்று வந்தது. மஞ்சப்பைக்குள் தேடி, லேகிய டப்பாவைத் துவாரம் வழியாகத் தள்ளினார்.

"காலையிலயும் சாயங்காலமும் சாப்பிடு. பச்ச ஒடம்பு, பனியில நிக்காத."

"வெளிய வாங்கப்பா. வீட்டுக்குப் போலாம்."

கரடியார் வெளியே பார்த்தார். அவள் தோளுக்குப் பின்னால் வாத்தம்மாள் நின்றிருந்தாள். எங்கேயோ ஒரு துண்டு வாங்கித் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சிரிக்கிற மூஞ்சிய அமுக்கிட்டுப் போ, சாமி" என்றார் கரடியார். "அடுத்தது."

நீதி: மரியாதை தெரிந்தவர்கள் வரிசையில் நிற்கவும். மற்றவர்கள் துண்டு கொண்டுவரவும்.