ஒரு கீச்சும் உஷ் அண்ணனும்

சிங்கப்பூரிலேயே சத்தம் பிடிக்காத ஒரே மெக்கானிக் எங்கள் உஷ் அண்ணன்தான். செம்பவாங்கில் அவர் பட்டறைக்குள் யார் வாயைத் திறந்தாலும் ‘உஷ்!’ என்று உதட்டில் விரலை வைத்துவிடுவார். பெற்றவர்கள் வைத்த பெயரை அவருக்கே ஞாபகப்படுத்த வேண்டியிருக்கும். தங்கை மகள் கல்யாணத்தில் கெட்டிமேளம் முழங்கும்போது எழுந்து நின்று ‘உஷ்!’ என்றாராம். வாசலுக்கு வந்த காரில் ஏதோ தேய்கிறதாம். தேய்ந்தது என்னவோ உண்மைதான்.

நானும் என் மனைவி கமலாவும் லிட்டில் இந்தியாவில் சமைத்து, துவாஸ் தொழிலாளர் விடுதிகளுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோகிறோம். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு கிழட்டு லாரி. போன வருடம் தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால், காலையில் சாவியைத் திருப்பியதும் அது ‘கீஈஈச்’ என்று அலறியது. ஐந்து நிமிடத்தில் அடங்கிவிட்டது. மறுநாளும் அதே கதை. வேறொரு பட்டறையில் காட்டினோம். “எஞ்சின் போச்சு, ஸ்கிராப்புக்குக் கொடுத்துடுங்க” என்று கையை விரித்துவிட்டார்கள். புது லாரிக்கு எங்களுக்கு வழியில்லை. லாரி போனால் அடுப்பையும் அணைக்க வேண்டியதுதான். ஊருக்கே சமைக்கிற கமலாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

கடைசியில் உஷ் அண்ணனிடம் போனோம். போனில் பதிவு செய்திருந்த சத்தத்தைப் போட்டேன். கையால் தள்ளிவிட்டார்.

“போன் பொய் சொல்லும். வாயால செஞ்சு காட்டுங்க.”

அதுதான் அங்கே சட்டம். நாலு பேர் பார்க்க, தொண்டையைச் செருமிக்கொண்டு “கீஈச்” என்றேன்.

“இது பூனை லா. தங்கச்சி, நீங்க சொல்லுங்க.”

கமலா கண்ணை மூடிக்கொண்டு ஒரு கீச்சு விட்டாள். பக்கத்து லாரிக்கு அடியில் படுத்திருந்தவர் தலையை இடித்துக்கொண்டார். அண்ணன் முகம் மலர்ந்தது.

“ஆங், இதான்! காலையில மட்டும்தானே? அப்ப வண்டி இங்கேயே இருக்கட்டும். நாளைக்கு ஏழு மணிக்கு வாங்க. நான் சொல்ற வரைக்கும் யாரும் சாவியைத் தொடக் கூடாது.”

மறுநாள் சமையலை ஆட்களிடம் விட்டுவிட்டு ஓடினோம். அண்ணன் சீட்டைத் தூக்கி, அடியிலிருந்த எஞ்சினில் நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டார். பட்டறை விசிறியை நிறுத்தச் சொன்னார். எங்களை மூச்சுவிடக்கூட விடவில்லை. நான் சாவியைத் திருப்பியதும் லாரி அலறியது. கமலா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணன் சுற்றுகிற பெல்டில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தார். அலறல் இன்னும் உச்சத்துக்கு ஏறியது. எங்களுக்கு உயிரே போய்விட்டது, அவரோ சிரித்தார். எஞ்சினை அணைக்கச் சொல்லி, பெல்டை விரலால் தேய்த்து மோந்து பார்த்தார்.

“தங்கச்சி, ஆயுத பூஜைக்கு எங்கெங்க சந்தனம் வச்சீங்க?”

“கண்ணாடியில வச்சேன், சக்கரத்துல வச்சேன்...” கமலாவின் குரல் இறங்கியது. “எஞ்சின்தானே அண்ணே எல்லாத்தையும் இழுக்குது. அதான் உள்ளேயும் கொஞ்சம் தாராளமா...”

“தாராளமாவா? அபிஷேகமே பண்ணியிருக்கீங்க! சந்தனம் பெல்டுல, அது சுத்துற புல்லிச் சக்கரத்துல எல்லாம் காஞ்சு ஒட்டியிருக்கு. காலையில ஈரத்துல வழுக்கிக் கத்துது. எஞ்சின் கல்லு மாதிரி இருக்கு லா!”

கமலா அங்கேயே ஒரு டயர் மேல் உட்கார்ந்து, சிரிப்பும் அழுகையுமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் இரண்டு நாள் பாரம் இறங்கியது. அண்ணன் புல்லிகளைச் சுத்தம் செய்து புது பெல்ட் மாட்டினார். அன்றும் சாப்பாடு நேரத்துக்கு துவாஸ் போய்ச் சேர்ந்தது.

அதற்கப்புறம் லாரி வாயே திறக்கவில்லை. ஒருநாள் பிரியாணிப் பொட்டலத்தோடு பட்டறைக்குப் போனேன்.

“வண்டிக்கு என்ன?”

“ஒண்ணும் இல்லண்ணே. சும்மா உங்களைப் பார்க்கத்தான்.”

“நல்லா இருக்கிற வண்டியை இங்க நிறுத்தி இடத்தை அடைக்காதீங்க” என்று விரட்டிவிட்டார். பிரியாணியை மட்டும் வாங்கிக்கொண்டார்.

இப்போதெல்லாம் காலையில் சாவியைத் திருப்பும்போது, லாரி லேசாகவாவது முனகாதா என்று ஏங்குகிறேன். அந்த மனுஷனைப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது.