இணையத்து இனாம்தார்

இனாம்தார்களை அரசாங்கம் ஒழித்துவிட்டது என்று பள்ளிப் புத்தகத்தில் படித்துவிட்டு நிம்மதியாக இருக்கிறீர்களே, அது தவறு. அந்த இனம் அழியவில்லை. நிலத்தை விட்டுவிட்டு இணையத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. பழைய இனாம்தாருக்காவது ஏதோ ஒரு ராஜா மானியம் எழுதிக் கொடுத்திருப்பார். இந்தப் புதியவர் தமக்குத் தாமே எழுதிக்கொண்டவர். இணையத்தில் இருப்பதெல்லாம் இலவசமாக இருக்க வேண்டும், இலவசமாக இருந்தாலும் முதல் தரமாக இருக்க வேண்டும், பழுதானால் யாராவது ஓடிவந்து சரிசெய்ய வேண்டும், ஓடிவருகிறவர் வணக்கமும் சொல்ல வேண்டும்.

இவரை எப்படி அடையாளம் காண்பது? ஊருக்கு உபயோகமாக இணையத்தில் ஒன்று தொடங்கப்போவதாக நாலு பேர் நடுவில் சொல்லிப் பாருங்கள். ஒரு தொண்டை கனைக்கும். "எவன் வருவான்?" என்று கேட்கும். ஆட்கள் வந்துவிட்டால், "வந்தவன் எத்தனை நாளைக்கு இருப்பான்?" என்று கேட்கும். இருந்தும் விட்டார்களென்றால், "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லும். நடுநடுவே, "இதெல்லாம் ஓசியிலேயே கிடைக்குதே, இதுக்குப் போய்க் காசு குடுப்பாங்களா?" என்பது பஜனையில் பல்லவி வருவதுபோல வந்துகொண்டே இருக்கும்.

ஏற்காட்டில் இந்த இனத்தின் உயர்ந்த மாதிரி பிரபாகர். சேலத்திலிருந்து மலையேறி இருபத்திரண்டு வருடமாகிறது. ஏரிக்குப் பக்கத்தில் பன்னிரண்டு அறை லாட்ஜ்; கரடியூர்ப் பக்கம் மூன்று ஏக்கர் காப்பி. அவருடைய லாட்ஜில் வெந்நீருக்குத் தனிக் காசு, இரண்டாவது கம்பளிக்குத் தனிக் காசு, ஜன்னல் வழியே ஏரி தெரிந்தால் அதற்கும் தனிக் காசு. பதினோரு மணிக்குக் காலி செய்ய வேண்டிய அறையில் பதினொன்றேகாலுக்குப் பல் துலக்கிக்கொண்டிருந்த ஒரு மனிதரிடம் முழு நாள் வாடகை வாங்கியவர். பேரம் பேசும் சுற்றுலாக்காரர்களை "ஓசிக் கிராக்கிங்க" என்று அவர் சொல்லும்போது அந்தக் குரலில் இருக்கும் அருவருப்பு அசல் அருவருப்பு. அதே பிரபாகர்தான் நான்கு வருடங்களுக்கு முன் காப்பி விவசாயிகள் கூட்டத்தில் எழுந்து நின்றார்.

கூட்டத்தைக் கூட்டியவள் வெண்ணிலா. செம்மநத்தத்துக்காரி. சேலத்தில் கணினி படித்துவிட்டு, அப்பாவோடு காப்பியும் மிளகும் பார்ப்பவள். விவசாயிகளுக்கு ஏற்கெனவே ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதில் காய்த்துளைப்பான் வண்டுக்கு ஒருவர் வழி கேட்டால், பதில் வருவதற்குள் நாற்பது காலை வணக்கங்களும், மூன்று பிறந்தநாள் கேக்குகளும், காணாமல் போன ஒரு நாயும் வந்து அந்தக் கேள்வியைப் புதைத்துவிடும். மறுமாதம் இன்னொருவர் அதே கேள்வியைக் கேட்பார்; அதையும் புதைப்பார்கள். ஆகவே வெண்ணிலா ஓர் இணைய மன்றம் வைக்கலாம் என்றாள். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு தனிப் பக்கம், கீழேயே பதில்கள். வருடம் கழித்துத் தேடினாலும் கிடைக்கும்.

"மன்றத்தை வெக்கறதுக்கு இணையத்துல ஒரு எடம் வாடகைக்கு எடுக்கோணுங்க. ஹோஸ்டிங்குனு சொல்லுவாங்க. எல்லாரும் சேர்ந்தா, ஆளுக்கு மாசம் ரெண்டு டீக் காசுதானுங்க ஆகும்" என்றாள்.

தொண்டை கனைத்தது.

"எதுக்குக் கண்ணு வாடகை? ஓசியாக் குடுக்கறதுக்கு நூறு கம்பெனி வரிசைல நிக்குது" என்றார் பிரபாகர். "என்ற மச்சான் பையன் கோழிப் பண்ணைக்கு அப்படித்தான் வெச்சிருக்கறான். ஒத்தப் பைசா செலவில்லை."

"ஓசியாக் குடுக்கறவங்க நெனச்சா மூடிட்டுப் போயிருவாங்க சார். நம்மளால ஒண்ணுங் கேக்க முடியாதுங்க."

"அத்தாம் பெரிய கம்பெனி எதுக்கு மூடறான்?"

"உங்க லாட்ஜு ரூமை ஓசிக்கு விடுவீங்களாங்க?"

கூட்டம் சிரித்தது. பிரபாகருக்குக் காது மடல் சூடேறியது. நேற்றுப் பிறந்த பெண், நாலு பேர் முன்னால்! ஆனாலும் சமாளித்துக்கொண்டார்.

"அது பிசினஸ் கண்ணு. இது பொதுச்சேவை."

பொதுச்சேவை என்றால் மற்றவர்கள் செய்வது என்று அவருடைய அகராதியில் பொருள். கைதூக்கச் சொன்னார்கள். ஓசி ஜெயித்தது. ஓசி எந்த ஊரில் தோற்றிருக்கிறது? ஜெயித்த கையோடு பிரபாகர் இன்னொன்றும் சொன்னார். "ரெஜிஸ்டர் பண்றதை என்ற பேர்லயே பண்ணிரு கண்ணு, என்ற மெயிலே குடுத்துரு. ஒரு மதிப்பான பேர் இருந்தாத்தான் நாலு பேர் வருவாங்க." அடுத்த வாரம் அவருடைய விசிட்டிங் கார்டில் லாட்ஜின் பெயருக்குக் கீழே 'நிறுவனர், சேர்வராயன் காப்பி மன்றம்' என்ற வரி ஏறியது.

மன்றம் நன்றாகவே நடந்தது. நடத்தியவள் வெண்ணிலா. வாழவந்தி ஊர் விவசாயி மாதையன் மஞ்சளாகிப் போன மிளகுக் கொடியைப் படம் எடுத்துப் போட்டால், வேருக்குப் பக்கத்தில் தண்ணீர் தேங்குகிறதா பார் என்று பதில் வரும். பக்கத்திலேயே, ஒரே வாரத்தில் வழுக்கையில் முடி முளைக்கும் என்ற விளம்பரமும் வரும். ஓசி இடம் அல்லவா? மூன்று வருடத்தில் நிறுவனர் எந்தக் கேள்விக்கும் ஒரு வரி பதில் எழுதவில்லை. ஆனால் விளம்பரம் அசிங்கமாக இருக்கிறதென்று வெண்ணிலாவுக்கு மாதம் தவறாமல் போன் செய்தார்.

அந்த மன்றத்தை மற்ற எல்லோரையும் விட ஒழுங்காகப் பயன்படுத்தியவள் கரடியூர் அத்தாயி. இரண்டரை ஏக்கர் காப்பி, தனி ஆளாகப் பார்ப்பவள். ரசாயனம் போடாமல் விளைந்த காப்பிக்கு நல்ல விலை கொடுக்க வெளியூர்க் கம்பெனி ஒன்று முன்வந்திருந்தது. மூன்று வருடத் தோட்டக் குறிப்பைக் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. "நோட்டுல எழுதினா அப்புறமா எழுதினதுன்னு சொல்லிருவாங்கக்கா. மன்றத்துல போட்டீங்கன்னா தேதி தானா விழுந்துரும்" என்று வெண்ணிலாதான் யோசனை சொன்னாள். அத்தாயிக்குத் தட்டெழுத்து வராது. போனில் பேசிப் பதிந்தாள், படம் எடுத்தாள். எந்தப் பாத்தியில் சாணி எரு, எந்த வாரம் பூத்தது, எத்தனை நாள் மழை என்று, வாரம் தவறாமல், மூன்று வருடம்.

அந்த மூன்று வருடமும் முடிகிற நவம்பரில், மன்றத்துக்கு இடம் கொடுத்த ஓசிக் கம்பெனி கடையைக் கட்ட முடிவு செய்தது. யோக்கியமான கம்பெனி, சொல்லாமல் ஓடவில்லை. முப்பதாம் தேதியோடு எல்லாம் அழிந்துவிடும், அதற்குள் உங்கள் பொருளைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள் என்று மூன்று முறை கடிதம் அனுப்பியது. யாருக்கு? நிறுவனருக்கு.

நிறுவனரின் அஞ்சல் பெட்டி எட்டு மாதமாக நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. விருந்தாளிகளுக்கு அனுப்பிய ஏரிப் படங்களே ஆயிரத்துச் சொச்சம். 'இடம் தீர்ந்துவிட்டது, மாதம் சிறு தொகை கட்டினால் கூடுதல் இடம் தருகிறோம், இல்லாவிட்டால் புதுக் கடிதம் எதுவும் வராது' என்று பெட்டியே அவரிடம் மன்றாடியது. "ஓசியாக் குடுத்துப் பழக்கிப்போட்டு இப்பக் காசு கேக்கறான் பாருங்க, கொள்ளைக்காரன்!" என்று லாட்ஜ் மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் பிரபாகர் அதை அப்படியே விட்டுவிட்டார். மூன்று கடிதமும் வந்த வழியே திரும்பிப் போயின.

டிசம்பர் முதல் தேதி காலையில் மன்றத்தைத் திறந்தால் வெள்ளைப் பக்கம். வெண்ணிலா பதறிப்போய்ப் பிரபாகரை அழைத்தாள்.

"மூடுபனி கண்ணு. டவர் கெடைக்காது. வெயில் வந்தா வந்துரும்" என்றார்.

வெயில் வந்தது. மன்றம் வரவில்லை. பிரபாகர் கம்பெனியின் இணையப் பக்கத்திலேயே ஒரு காரமான புகார் எழுதினார். நீண்டகால வாடிக்கையாளரை இப்படியா நடத்துவது என்று கேட்டார். எதுவும் வாங்காத வாடிக்கையாளர்! பதிலுக்கு அந்தப் பக்கத்திலேயே ஓர் இயந்திரம் நன்றி சொல்லிற்று. நிறுவனருக்கு மூன்று கடிதம் போட்ட விவரத்தை வெண்ணிலா அதே பக்கத்தில் படித்தாள்.

நாலாம் நாள் அத்தாயி லாட்ஜுக்கு வந்தாள். பஸ்ஸில் வந்து, ஏரி வரை நடந்து, வரவேற்பு மேஜைக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

"ஏனுங்க, நீங்கதானுங்களே நிறுவனரு?"

"ஆமாங்க. சொல்லுங்க."

"என்ற மூணு வருசம் எங்கீங்க?"

அவள் திட்டியிருந்தால் பிரபாகர் பதிலுக்குத் திட்டியிருப்பார். அழுதிருந்தால் ஆறுதல் சொல்லியிருப்பார். அவளோ சலவைக்குக் கொடுத்த சேலையைக் கேட்பதுபோலக் கேட்டுவிட்டு, வரட்டும் என்று நின்றாள். கம்பெனி, சர்வர், அமெரிக்கா என்று அவர் ஏதேதோ சொன்னார். சொல்லச் சொல்ல அது அவர் காதுக்கே பொய்யாகக் கேட்டது.

"லெட்டரு போட்டாங்களாமே? வெண்ணிலா சொல்லுச்சு."

"என்ற மெயில்ல எடமில்லீங்க, அதனால..."

"எடம் வாங்கறதுக்கு நொம்பக் காசு ஆகுங்களா?"

எவ்வளவு ஆகும் என்று அவருக்குத் தெரியும். அவருடைய லாட்ஜின் இரண்டாவது கம்பளியை விடக் குறைவு. அதைச் சொல்லாமல், "டீ சாப்பிடறீங்களா? காசெல்லாம் வேண்டாங்க" என்றார். அந்த லாட்ஜின் சரித்திரத்தில் முதல் தடவையாக.

"வேண்டாமுங்க" என்றாள் அத்தாயி. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றும் மறுநாளும் பிரபாகர் சாப்பாட்டைப் பாதியில் தள்ளி வைத்தார். நம் இனாம்தாருக்கும் மனசாட்சி உண்டு, அதை நான் மறுக்கவில்லை. இரண்டு நாள் வேலை செய்யும். மூன்றாம் நாள் காலை, "கம்பெனிக்காரன் நம்ம எல்லாரையும் ஏமாத்திப்போட்டான்" என்ற வாக்கியம் அவருக்குக் கிடைத்தது. 'நம்ம எல்லாரையும்' என்பதில் அவரும் பாதிக்கப்பட்டவராகிவிட்டார். பிறகு நன்றாகச் சாப்பிட்டார்.

ஜனவரியில் காப்பி வாங்கும் கம்பெனியின் ஆய்வாளர் வந்தார். அத்தாயியின் போனில் மிச்சமிருந்த படங்களையும், வெண்ணிலா எப்போதோ பிரதி எடுத்து வைத்திருந்த பக்கங்களையும் பொறுமையாகப் பார்த்தார். பதினான்கு மாதத்துக்குத்தான் தேதியோடு ஆதாரம் இருந்தது. "தோட்டம் சுத்தமா இருக்கும்மா, எனக்கே தெரியுது. ஆனா காகிதம் வேணும். இன்னும் ரெண்டு வருசம் எழுதுங்க" என்றார். அந்த வருடக் காப்பி வழக்கமான வியாபாரிக்கு வழக்கமான விலைக்குப் போயிற்று. நான்தானே அங்கே எழுதச் சொன்னேன் என்று வெண்ணிலா அழுதாள். "அழுவாத சாமி. எங்க எழுதோணும், அதச் சொல்லு" என்றாள் அத்தாயி.

வெண்ணிலா இந்தத் தடவை கூட்டம் எதுவும் கூட்டவில்லை. காசு கொடுத்து இடம் எடுத்து, தன் பேரிலேயே பதிந்து, அதற்குப் பிறகுதான் ஊருக்குச் சொன்னாள். மாதையன் முதல் ஆளாகப் பங்கு கொடுத்தார். இருபத்து மூன்று பேர் சேர்ந்தார்கள். அத்தாயி வாரம் தவறாமல் பேசிப் பதிகிறாள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், கேள்வி கேட்கலாம் என்று மன்றத்தைத் திறந்தே வைத்திருக்கிறாள் வெண்ணிலா. பிரபாகர் அதில் சேர்ந்த அன்றே எழுதினார்: "முகப்பு நிறம் கண்ணை உறுத்துகிறது. எழுத்து மிகச் சிறியது. தனிச் செயலி எப்போது வரும்? மேலும், ஓசியாக இதைவிட நல்ல கம்பெனி ஒன்று உள்ளது. விவரம் வேண்டுவோர் என்னைத் தனியே அணுகவும்."

நாலு பேர் அணுகியிருக்கிறார்கள்.

சிரிக்கிறீர்கள். நல்லது. போகிறபோக்கில் ஒன்று கேட்கிறேன். தினமும் நீங்கள் திறந்து படிக்கிறீர்களே ஒரு தமிழ்த் தளம், போன வாரம்கூட அதில் ஓர் ஒற்றுப்பிழையைக் கண்டுபிடித்து, 'பொறுப்பில்லையா?' என்று கோபமாக எழுதினீர்களே, அதை நடத்துகிறவர் பேர் என்ன? தெரியாதா? பாதகமில்லை. உங்கள் பேர் அவருக்கு நன்றாகத் தெரியும். உங்களைப் பற்றி இதுபோல ஒன்றை எழுத அவரும் உட்கார்ந்திருக்கிறார் என்று கேள்வி. ஊரை மட்டும் மாற்றுவாராம்.