மீசை வைத்த கிளிகள்

மாடநாட்டில் மழை பெய்தால் மன்னருக்கு நன்றி சொல்லவேண்டும். கூரை ஒழுகினால் மழையைத் திட்டிக்கொள்ளலாம். மன்னர் சொன்ன சொல்லுக்கு விளக்கம் கேட்கக்கூடாது. கேட்ட நாக்குக்கு நீல வண்ணம் பூசுவார்கள். மற்றபடி அங்கே பேச்சுக்குத் தடையில்லை.

அந்த நாட்டில் அஞ்சுகம் என்றொருத்தி இருந்தாள். பழைய வீடு. கூடத்து உட்கூரை முழுக்கச் சித்திரம்: மாங்கனி கொத்தும் பச்சைக் கிளிகள். ஒவ்வொரு கிளியும் ஒவ்வொரு பக்கம் பார்க்கும். மகள் குழலியின் கல்யாணத்தை அந்தக் கிளிகளுக்குக் கீழேதான் நடத்துவது என்று அஞ்சுகம் தையில் முகூர்த்தம் குறித்திருந்தாள்.

ஐப்பசியில் மன்னருக்குக் கலைமேல் அன்பு பிறந்தது. சித்திரமுள்ள வீடுகள் எல்லாம் அரச ஆதரவில் சேர்க்கப்பட்டன. கலை அமைச்சர் பேரொளியார் நேரில் வந்து அஞ்சுகத்துக்குப் பொன்னாடை போர்த்தினார். போர்த்திய கையோடு அடுப்பை அணைத்தார்.

"புகை சித்திரத்துக்கு ஆகாது, அம்மையே."

அடுப்பு கொல்லைக்குப் போனது. அடைமழையில் விறகு புகைந்தது, சோறு வேகவில்லை.

அடுத்த ஆணைப்படி கிளிகள் எல்லாம் தலைநகரைப் பார்க்கவேண்டும். அரசு ஓவியர்கள் சாரம் கட்டி ஏறிக் கழுத்துகளைத் திருப்பினார்கள். பல கிளிகளுக்கு மாங்கனி முதுகுப் பக்கம் போய்விட்டது. பிறகு, ஆதரித்தவரை மறக்காதிருக்க, எல்லாக் கிளிகளுக்கும் மன்னரின் மீசை வரையப்பட்டது. மன்னரின் மீசைக்குக் கீழே கால்நீட்டிப் படுப்பது குற்றம். எனவே குடும்பம் மாட்டுக்கொட்டகைக்கு மாறியது. மாடு தெருவுக்கு மாறியது.

"மாடாவது நிம்மதியா இருக்கட்டும்," என்றான் அஞ்சுகத்தின் கணவன் சடையப்பன். "அதை ஆதரிக்க யாரும் வரமாட்டாங்க."

மார்கழியில் இன்னோர் ஆணை வந்தது. அரச ஆதரவு பெற்ற கூடங்களில் கல்யாணம் கூடாது. மேளச் சத்தத்தில் சுண்ணாம்பு உதிரும்.

அஞ்சுகம் அமைச்சரிடம் போய் நின்றாள். "ஐயா, எங்க வீட்டுல எங்களுக்குன்னு என்னதான் மிச்சம்?"

"பெருமை, அம்மையே. முழுவதும் உங்களுடையதே. அதில் நாங்கள் பங்கு கேட்கமாட்டோம்."

முகூர்த்தம் நெருங்கியபோது மன்னரே அந்த வீட்டுக்கு வந்தார், தம் மீசையைப் பார்க்க. வாய் நிறைய வெற்றிலை. அண்ணாந்து பார்த்தார். உச்சி குளிர்ந்துபோனது.

பேரொளியார் சமயம் பார்த்துக் குனிந்தார். "வீடுகள் முடிந்தன, மன்னா. அடுத்து நம் அரசவையை என்ன செய்யலாம்?"

தலைநகரில் அரசவை மண்டபத்தின் சுவர்கள் சித்திரமின்றி வெறுமையாக இருந்தன. மன்னர் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினார்.

"கலை," என்றார். பல்லக்கில் ஏறினார். ஏறியதும் தூங்கிவிட்டார்.

பேரொளியார் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "மன்னர் எதைக் கருதினார்?"

யாரும் வாய் திறக்கவில்லை. அஞ்சுகம் திறந்தாள்.

"இதுல என்னங்க சந்தேகம்? அவையை என்ன செய்யலாம்னு கேட்டீங்க. கலைன்னுட்டார்."

"மன்னரையே எழுப்பிக் கேட்டுவிட்டால்?"

"கேளுங்க. நீலம் உங்களுக்கு எடுப்பாத்தான் இருக்கும்."

பேரொளியார் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டார். பொழுது சாய்வதற்குள் முரசறைந்து அரசவையைக் கலைத்தார்கள். அவை கலைந்தால் அது போட்ட ஆணைகளும் செல்லாது. அது மாடநாட்டின் பழைய சட்டம். மன்னர் விழித்தபோது அவை இல்லை. தம் சொல்லுக்குத் தாமே விளக்கம் கேட்க அவருக்கும் துணிவில்லை.

குறித்த நாளில் குழலியின் கல்யாணம் கூடத்தில் நடந்தது. தாலி கட்டும்போது மாப்பிள்ளை அண்ணாந்து பார்த்துச் சிரித்துவிட்டான். பதவி போன பேரொளியார் முதல் பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்து பாயசம் இரண்டாம் முறை கேட்டார்.

பிறகு புதிய அவைக்குத் தேர்தல். மீசையை அறவே ஒழிப்போம் என்றது ஓர் அணி. ஒழுங்காக நறுக்குவோம் என்றது மற்றது. ஒழிப்பதாகச் சொன்னவர்கள் வென்றார்கள். அவர்கள் தலைவருக்கு மூக்குக்கண்ணாடி உண்டு. கிளிகளுக்கும் ஒன்று மாட்டுவதாக ஊரில் பேச்சு எழுந்தது.

அஞ்சுகம் ஏணியை எடுத்தாள். அரசு பூசிய வண்ணம் ஈரத்துணிக்கே வந்துவிட்டது. மீசை போனது, அடியிலிருந்த பழைய கழுத்துகள் தத்தம் பக்கம் திரும்பின. கல்யாணப் பந்தலுக்கு வாங்கிய வெள்ளைத் துணியைக் கிளிகளுக்குக் கீழே இழுத்துக் கட்டினாள்.

புதிய கலை அமைச்சர் பொன்னாடையோடு வந்தார்.

"இங்கே கிளிகள் இருந்ததாகக் கேள்வி. எங்கே, தாயே?"

"பறந்துபோச்சுங்க."

"எல்லாமேவா?"

"மீசை வச்சுவிட்டாங்கல்ல? ரோஷம் வந்துடுச்சு."

அமைச்சர் நிமிர முயன்றார். குனிந்து குனிந்தே பதவிக்கு வந்த கழுத்து, பாதிக்கு மேல் நிமிரவில்லை. சமையலறையில் சோறு கொதிக்கும் சத்தம் கேட்டது.

"அப்படியானால் இங்கே ஆதரிக்க ஒன்றுமில்லையா?"

"நல்லவேளையா ஒண்ணுமில்லைங்க."

அவர் பொன்னாடையை மடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அந்த வீட்டு உட்கூரையில் யானைகள். வீட்டுக்காரி வாசலிலேயே வழிமறித்து நின்றாள்.

"யானையா? குளிக்கப் போயிருக்குங்க."